அக்காவின் விளையில் நின்ற பட்டாள லாரி

சொத்துப் பாகம் வைத்தபோது, என் லாரி நின்ற விளை அக்காவுக்குப் போயிற்று. வண்டி என்னுடையது, மண் அவளுடையது. ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தவனிடமிருந்து நான் வாங்கியது. பாகம் முடிந்த பிறகும் அங்கேயே நின்றது. நானும் தினமும் போய் எதையாவது கழற்றுவேன், எதையாவது மாட்டுவேன். அத்தான் அதுவரை பொறுத்தார். மகனுக்கு வீடு வைக்க மதில் எழுப்ப வேண்டும் என்று வந்ததும் அவர் பொறுமை போய்விட்டது.

"ஓணம் கழிஞ்சா கொத்தனார் வருவாரு. அதுக்குள்ள வண்டிய மாத்தணும். இல்லேண்ணா ஆக்கிரிக்காரன விளிச்சு, கேஸ் கட்டர் வச்சு முறிச்சுப் பழைய இரும்புக்குக் குடுத்துருவேன் ஆக்கும்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர்.

பாறசாலையில் ரயில் பாதைக்கு அருகே வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்துவிட்டேன். சிக்கல் அதில் இல்லை. விளை ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. மேலே வர செம்மண் ஏற்றம் ஒன்றுதான் வழி. அந்தச் சந்தில் கிரேன் நுழையாது. ஜீப்பைக் கட்டி இழுத்துப் பார்த்தோம். ஜீப்தான் பின்னால் சறுக்கி வந்தது. லாரி நான்கு சக்கரத்தாலும் மண்ணைப் பிடித்துத் தானே ஏறினால்தான் உண்டு. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பங்கு வைக்கும் இரும்புப் பெட்டி, ட்ரான்ஸ்பர் கேஸ் என்போம், அதற்குள் பல் நொறுங்கிக் கிடந்தது.

சோறு இறங்கவில்லை. ஒரு பந்தியில் பாதியில் எழுந்து, இலையை மூடாமல்கூடப் போயிருக்கிறேன். வேறொரு பெட்டி தேடி நெய்யாற்றின்கரையில் வண்டி உடைக்கிற இடம் ஒன்றையும் விடவில்லை. ஒற்றசேகரமங்கலத்தில் மரத்தடி இழுத்த இதே மாதிரிப் பழைய வண்டி ஒன்று ரப்பர் தோட்டத்தில் கிடப்பதாகக் கேட்டு ஓடினேன். போன வாரம்தான் உருக்கப் போய்விட்டது என்றார்கள். அங்கே நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் உடைப்புக் கடைக்காரர் ஒருவர் சொன்னார், காஞ்சிரங்குளம் தாண்டிக் கடற்கரையில் வள்ளம் கரையேற்றும் வின்ச் ஒன்றில் அதே மாதிரிப் பெட்டியைப் பார்த்ததாக. போனேன். இருந்தது. உப்புக்காற்றில் வெளிப்புறம் துருவேறி, உள்ளே பல் ஒவ்வொன்றும் முழுசாக. வின்ச்காரரிடம், வேறு லாரியின் கியர்பாக்ஸ் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன், இதை எனக்குக் கொடுங்கள் என்றேன்.

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "ஞாயிறாழ்ச்ச வாரும் அண்ணே. அன்னிக்கு ஆரும் கடலுக்குப் போவமாட்டாங்க, வின்ச் சும்மா கிடக்கும். ஆனா எங்க ஆளு ஒருத்தரும் அன்னிக்கு ஸ்பானர் பிடிக்க மாட்டாங்க. கேட்டீரா?"

வின்ச் ஓய்ந்திருக்கும் ஒரே நாளில்தான் கரையில் ஒருவரும் வேலை தொடமாட்டார். இந்துவான நான் தனியாகக் கழற்றினேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வெள்ளை வேட்டியில் வந்தவர்கள் கவிழ்த்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து, இந்த நட்டை இப்படித் திருப்பு, அந்தப் போல்ட்டில் எண்ணெய் விடு என்று வாயாலேயே பாதி வேலையைச் செய்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போல்ட்டெல்லாம் கழன்ற பிறகு பெட்டி என் தொடையில் சாய்ந்தது. அசைக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை.

வின்ச்காரரின் மனைவி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "மாடு கிணத்துல விழுந்தா ஞாயிறாழ்ச்சண்ணு பாத்து நிப்பீங்களாலே?"

நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தூக்கி வைத்துவிட்டுக் கையைக் கடலில் கழுவி, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி உட்கார்ந்தார்கள். நான் மாட்டிய கியர்பாக்ஸில் மறுநாள் முதலில் வந்த வள்ளம் மணலில் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் அவள் பெட்டியை எடுத்துப் போக விட்டாள். காத்திருந்த அந்த நேரமெல்லாம் என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பெட்டியை லாரியில் மாட்டி முடித்த காலையில் கொத்தனார் மதிலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அத்தான் கைகட்டி நின்றார். கீழ் கியரில் போட்டேன். நான்கு சக்கரமும் செம்மண்ணைக் கிழித்தன. ஒருமுறை பின்னால் நழுவியது. பிறகு முனகிக்கொண்டே ஏறி ரோட்டில் நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தான்கூடச் சிரித்தார்.

அக்கா ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிவந்து வண்டிக் கதவைப் பிடித்தாள்.

"எலே, வண்டி போச்சு. இனி நீ இங்க எதுக்கு வருவ?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தையில் மீன் என்ன விலை என்று கேட்பது போலத்தான் கேட்டாள். நான் லாரிக்கு அடியில் படுத்திருக்க, அவள் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பாதி என் காதில் விழாது. உன்னைப் பார்க்க வருவேன் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி ஒருநாள்கூட நான் வந்ததில்லை, அது அவளுக்கும் தெரியும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. எடு என்று சொல்ல என்னாலும் முடியவில்லை.