இரண்டு பக்கமும் ஒரே நீளம்

என் தாய்மாமாவுக்கு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலை. பதப்படுத்தி வந்த தோலை மடித்து, கட்டைவிரலால் நீவி, எது முதல் தரம், எது கழிவு என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் அவரை எங்கும் விட்டதில்லை. பல வருடம் ஆசைப்பட்டு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கியவர், அவற்றுக்குக் கேபிள் வாங்கச் சென்னைக்குப் போனபோது என்னையும் அழைத்துப்போனார். கடைக்காரர் செம்பின் சுத்தத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, மாமா ஒவ்வொரு கேபிளையும் மடித்தார், நீவினார், முகர்ந்தும் பார்த்தார்.

"சார், இது செருப்புத் தோல் இல்ல" என்றார் கடைக்காரர்.

மாமா காதில் வாங்கவில்லை. விரல் தடிமனில், மடித்தால் சுருக்கம் விழாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

ரயிலில் திரும்பும்போது எனக்குப் பாடம் நடந்தது. "ரெண்டு பக்கமும் ஒரே நீளமா இருக்கணும் பாப்பா. நீளம் ஜாஸ்தியானா பாட்டுல உயிர் கம்மியாய்டும். கேக்கும்போது கதவ சாத்திடணும்." பத்து வயதில் எனக்கு வாய்ப்பாடு மறந்துபோகும், இது மறக்கவில்லை. வீட்டில் மாமா பழைய ஒயரையும் புதுக் கேபிளையும் மாற்றி மாற்றி மாட்டிக் காட்டினார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் கேக்குது" என்று அத்தை சிரித்தாள். அவளுக்குப் பாட்டு இருந்தால் போதும்.

அடுத்த முழுப்பரீட்சை விடுமுறைக்கு நானும் அம்மாவும் அங்கே தங்கப் போனோம். அத்தையை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பினால் குணமாகிவிட்டது என்றுதான் நான் நம்பினேன். சமையலறையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள், வெங்காயம் என்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

ஹாலைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு ஸ்பீக்கரைக் காணோம். மாமா அதைத் தூக்கிப்போய்ப் பின்னறையில், அத்தையின் கட்டிலுக்குக் கால்மாட்டில் வைத்திருந்தார். நல்ல கேபிள் அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் பல்புக்கு இழுக்கும் சாதாரண ஒயரைச் சமையலறை வழியாக இழுத்துவிட்டிருந்தார். முகர்ந்து பார்த்து வாங்கிய கேபிள் சுருண்டு அலமாரியில் கிடந்தது. மாமாவின் உபதேசம் ஊருக்குத்தான் போலும். ஹாலில் பாதிப் பாட்டுதான் கேட்டது. மீதிப் பாதி பின்னறையில். அதற்கே அத்தையின் விரல் கட்டில் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

மாமா அவசரத்தில் இப்படிச் செய்துவிட்டார், நாம் சரிசெய்தால் மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். ஒரு மதியம், மாமா வேலைக்கும் அம்மா கடைக்கும் போயிருந்த நேரத்தில், ஸ்பீக்கரைச் சாக்கின்மேல் ஏற்றி இழுத்தேன்.

"இன்னா பாப்பா பண்ற?" என்றாள் அத்தை.

"மாமா தப்பா மாட்டிட்டாரு அத்தை. சரி பண்றேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. கால்ல போட்டுக்காத" என்றாள்.

அலமாரியில் கிடந்த நல்ல கேபிளை எடுத்து மாட்டினேன், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பாட்டைப் போட்டேன், முழுப் பாட்டும் கேட்டது. பின்னறைக் கதவையும் மறக்காமல் சாத்தினேன்.

சாயங்காலம் வந்த மாமா ஹாலைப் பார்த்து நின்றார். "இத யாரு எடுத்தது?" அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அத்தைதான் பதில் சொன்னாள்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். பாட்டு கேட்டா தலைய வலிக்குது."

மாமா ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அந்தச் சாதாரண ஒயரை முழங்கையில் சுற்றிச் சுற்றி எடுத்துவைத்தார். அத்தைக்கு வலிக்கும் என்று அதன்பிறகு அவர் பாட்டே போடவில்லை. விடுமுறை முடிவதற்குள் அத்தை இறந்துபோனாள்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். கேபிளைச் சரியாக மாட்டியாயிற்று, அடியும் விழவில்லை. அத்தை எதற்காகப் பொய் சொன்னாள் என்றுகூட யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரிந்த வயது வந்தபோது, மாமாவிடம் சொல்லும் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அத்தை போவதற்கு இரண்டு நாள் முன்பு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தாள். விரல் மட்டும் கட்டில் கம்பியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. கை நடுங்குகிறது, பாவம், குளிர்கிறது என்று நினைத்தேன். போர்வையை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டு வந்தேன்.