இரண்டு பீட்டர்சென்களும் ஒரே ஒரு கீழ்வீடும்

வட ஜெர்மனியின் பெல்வோர்ம் தீவுக்குப் போகும் கப்பலில் கார்களை ஏற்றி நிறுத்துகிற வேலை இங்வெர் எட்லெஃப்செனுக்கு. முப்பத்தொரு வருடமாக அதே டெக்கில், அதே ஆரஞ்சு கோட்டு போட்டு நின்று, "இன்னும் வா, இன்னும் வா, போதும்" என்று கையசைத்து வருகிறார். இத்தனை வருடத்தில் ஒரு காரின் கண்ணாடிகூட அவர் பார்வையில் உரசியதில்லை. இதை யாரும் கேட்காமலேயே சொல்லுவார். கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்லுவார் என்பதால் யாரும் கேட்பதில்லை.

அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த பல் மருத்துவர் ஊரைவிட்டுப் போனபோது, மனைவி கெர்ரின்தான் அதை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடலாம் என்றாள். மாடியில் இவர்கள், கீழே விருந்தினர்கள். பெல்வோர்மில் மணல் கிடையாது. கடல் உள்ளே வராமல் எழுப்பிய, புல் முளைத்த கரையும், அதன்மேல் ஆடுகளும், ஆடுகள் விட்டுச்செல்பவையும் உண்டு. இருந்தாலும் இங்வெர் விளம்பரத்தில் "கடல் பார்த்த வீடு" என்று எழுதினார். அதில் பொய் ஒன்றுமில்லை. வீடு கடலைப் பார்த்துத்தான் இருந்தது. நடுவில் எட்டு மீட்டர் உயரத்துக்குக் கரை நின்றதை வீடு பொருட்படுத்தவில்லை.

விளம்பரத்தை மூன்று இணையதளங்களில் போட்டார். உலகம் முழுக்கத் தெரிந்த பெரிய தளம் ஒன்று, ஜெர்மன்காரர்கள் மட்டும் நம்புகிற தளம் ஒன்று, தீவுக்காரர்களே நடத்தி, தீவுக்காரர்களே நம்பாத தளம் ஒன்று. ஒன்றில் புக்கிங் வந்தால் மற்ற இரண்டிலும் போய் அந்தத் தேதிகளை அடைக்கவேண்டும். முதல் வருடம் முழுக்க அதைக் கையால் செய்தார். மூன்று நிறப் பென்சில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் கணினி முன் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்கிறவர் மாதிரி மூச்சுவிடாமல் அடைப்பார்.

பிறகுதான் அவருக்கு லிங்க் என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. ஒவ்வொரு தளமும் தன் காலண்டருக்கு ஒரு லிங்க் தரும். அதை இன்னொரு தளத்தில் ஒட்டிவிட்டால், அது இதை அவ்வப்போது எட்டிப் பார்த்து, தேதிகளைத் தானே அடைத்துக்கொள்ளும். இதில் "அவ்வப்போது" என்ற சொல்லை இங்வெர் படிக்கவில்லை. சின்ன எழுத்தில் இருந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அதற்கு அர்த்தம்.

ஒன்றை இரண்டோடு கோத்தார். இரண்டை மூன்றோடு, மூன்றை ஒன்றோடு, ஒன்றை மறுபடி மூன்றோடு. அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினார். பார்க்க, தீவுக்கு நாலாபக்கமும் படையெடுப்பு நடக்கிற மாதிரி இருந்தது.

"இனிமே நான் ஒண்ணுமே செய்யவேண்டாம் கெர்ரின்," என்றார்.

"இதுவரைக்கும் என்ன செஞ்சே?" என்றாள் அவள்.

ஏப்ரலில் பீலஃபெல்டிலிருந்து ஒரு தம்பதி, இயேசு விண்ணேற்ற நாளை ஒட்டிய வாரத்துக்குப் புக் செய்து, பிறகு ரத்து செய்தார்கள். முதல் தளம் அந்தத் தேதிகளைத் திறக்கப் போனது. ஆனால் இரண்டாம் தளம் "அடைத்திருக்கிறது" என்றது. ஏன் என்றால் மூன்றாவது சொன்னது. மூன்றாவதுக்கு யார் சொன்னது? முதல் தளம்தான். வராத தம்பதியை மூன்று காலண்டர்களும் ஒன்றையொன்று சாட்சி வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. வருடத்தின் நல்ல வாரங்களில் ஒன்று, வெயில் அடித்து, ஊரே நிரம்பி வழிந்தது. கீழ்வீடு மட்டும் சாத்திக் கிடந்தது. ஆண்டவர் விண்ணேறிய வாரத்தில் இந்த வராத தம்பதியின் ஆவி கீழேயே தங்கிவிட்டது.

"அது விருந்தினர் வரி கட்டிச்சா?" என்று கெர்ரின் தினமும் கேட்டாள். "துண்டு போதுமான்னு கேட்டுட்டு வா, பாவம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் இங்வெருக்குப் பொறுக்கவில்லை. கணினியைத் திறந்து எல்லா லிங்க்குகளையும் ஒரேயடியாக அழித்தார். ஆவி போய்விட்டது. டீ குடித்துவிட்டு மறுபடி கோக்கலாம் என்று நினைத்தவர், மணியைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு கப்பலுக்கு ஓடினார். கோத்தது சாயங்காலம் வந்துதான். அந்தப் பத்து மணி நேரமும் மூன்று தளங்களும் ஒன்றையொன்று அறியாத அந்நியர்களாக, தங்கள் தங்கள் வியாபாரத்தைச் சுதந்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று இரண்டு மெயில்கள் வந்திருந்தன. ஜூலை முதல் வாரம், பீட்டர்சென், இரண்டு பேர். ஜூலை முதல் வாரம், பீட்டர்சென், மூன்று பேர். முதலாவது பெரிய தளத்திலிருந்து, இரண்டாவது ஜெர்மன் தளத்திலிருந்து.

"பாத்தியா, எவ்வளவு பொறுப்பு!" என்று இங்வெர் மனைவியிடம் காட்டினார். "ஒரு தளம் சொன்னதை இன்னொண்ணும் சொல்லுது. ஆள் எண்ணிக்கையைக்கூட திருத்தியிருக்கு. பிள்ளையை விட்டுட்டாங்க போல."

"ரெண்டும் ஒரே ஆளா?"

"பீட்டர்சென்தானே ரெண்டும்?"

அந்தக் கடற்கரையில் ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு பீட்டர்சென் மேல்தான் விழும். இருந்தாலும் கெர்ரின் மேற்கொண்டு கேட்கவில்லை. காலண்டர் விஷயத்தில் அவளுக்கு என்ன தெரியும் என்று அவர் பல தடவை விளக்கியிருந்தார்.

ஜூலை முதல் சனிக்கிழமை. கப்பலில் இடமே இல்லை. இங்வெர் வழக்கம்போல் ஒவ்வொரு காரின் ஜன்னலிலும் குனிந்து "மொயின்" என்று வணக்கம் சொல்லி, எங்கே தங்குகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டே ஏற்றினார். சாம்பல் நிறப் பெரிய கார் ஒன்று வந்தது. ஓட்டியவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு ஃபைல். பக்கத்தில் மனைவி.

"எட்லெஃப்சென்னு ஒருத்தர் வீடு," என்றார் அவர். "கடல் பார்த்த வீடாம்."

இங்வெர் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் வைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தார். அந்த ஆச்சரியம் எல்லோருக்கும் போதுமான அளவு காத்திருந்தது அவருக்குத் தெரியாது.

நாலு கார் தள்ளி ஒரு சின்ன சிவப்புக் கார். ஓட்டியது ஒரு பெண். பின்னால் இரண்டு சிறுமிகள்.

"எட்லெஃப்சென் வீட்டுல தங்குறோம்."

"அப்ப நீங்க பீட்டர்சென்!"

"அட, எப்படித் தெரியும்?"

"இங்க எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது," என்று சொல்லி, ஒரே குடும்பம் பிரிந்து நிற்கவேண்டாமே என்ற நல்ல மனசில், மற்ற கார்களைக் கொஞ்சம் நெருக்கி, சிவப்புக் காரைச் சாம்பல் காரை ஒட்டி நிறுத்தினார். குடும்பத்துக்குள் என்ன இடைவெளி என்று இன்னும் ஒரு கை அகலம் உள்ளே தள்ளவைத்தார். மூன்று பேர் ஐந்து பேராகிவிட்டதை எண்ணிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

கப்பல் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டெக்கில் சத்தம். சிறுமி ஒருத்தி கதவைத் திறந்ததில் சாம்பல் காரின் பக்கக் கண்ணாடி சட்டென்று விரிசல் விட்டது. அந்த மனிதர் ஃபைலோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். இங்வெர் ஓடினார்.

"விடுங்க, விடுங்க. குடும்பத்துக்குள்ள இதுக்கெல்லாம் சண்டை போட்டா எப்படி?"

"எந்தக் குடும்பம்?" என்றார் அவர். "இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை!"

"நானும் பார்க்காமலே இருந்திருக்கலாம்," என்றாள் அந்தப் பெண்.

இங்வெர் ஒருவரைப் பார்த்தார், மற்றவரைப் பார்த்தார். "ஐயா, நீங்க பீட்டர்சென்?"

"டெட்லெஃப் பீட்டர்சென், ல்யூபெக்."

"நீங்க?"

"வீப்கெ பீட்டர்சென். கீல். ஏன்?"

இங்வெர் சங்கிலிக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று கெர்ரினுக்குப் போன் செய்தார். கரை சேர இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

"கெர்ரின், பீட்டர்சென் ரெண்டு பேர்."

"தெரியும், அப்புறம் மூணுன்னு திருத்தினாங்களே."

"இல்ல. ரெண்டு பீட்டர்சென்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"தீவுல ஒரு கட்டில்கூட காலி இல்ல, இங்வெர். பேக்கரியில காலையில பேசிட்டிருந்தாங்க." பிறகு சொன்னாள்: "ஒரு குடும்பம் மாடிக்கு வரட்டும். நம்ம இடத்துக்கு. நான் படுக்கையை மாத்துறேன்."

"நாம?"

"நாம தோட்டத்துக் கொட்டகையில. புல்வெட்டுற மெஷினை வெளிய எடுத்தா ரெண்டு பேர் படுக்கலாம். நீ மெஷினோட வெளிய படுத்தாலும் சரி."

எந்தக் குடும்பத்துக்குக் கீழ்வீடு என்பதை டெட்லெஃப் தீர்த்துவைத்தார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். வாசலிலேயே ஃபைலைத் திறந்து மெயிலைக் காட்டினார். அவருடைய புக்கிங் பிற்பகல் இரண்டு மணி ஏழு நிமிடம். வீப்கெயினுடையது இரண்டு முப்பத்தொன்று.

"இருபத்துநாலு நிமிஷம்," என்றார்.

"வாழ்த்துக்கள்," என்றாள் வீப்கெ. "எங்களுக்கு மாடியே போதும்."

மாடிக்கு ஏறிய சிறுமிகள் இரண்டு நிமிடத்தில் கூச்சல் போட்டார்கள். எட்லெஃப்சென்களின் படுக்கையறை ஜன்னலிலிருந்து கரையைத் தாண்டி, சேறும் நீரும் வானமுமாகக் கடல் முழுக்கத் தெரிந்தது. கீழே டெட்லெஃப் திரைச்சீலையை விலக்கினார். ஒரு ஆடு அவரைப் பார்த்தது.

அந்த வாரம் இங்வெர் தன் வீட்டுக் குளியலறைக்குக் கதவைத் தட்டி அனுமதி கேட்டுப் போனார். கப்பலில் கேப்டன் மோம்மெ ஒலிபெருக்கியிலேயே கேட்டார்: "இங்வெரு, ஒரே இடத்துல ரெண்டு வண்டி நிறுத்துறது எப்படின்னு எங்களுக்கும் கொஞ்சம் கத்துக் குடு." முப்பத்தொரு வருடத்தில் இங்வெர் டெக்கில் அமைதியாக இருந்தது அந்த வாரம்தான். பயணிகளுக்கு அது பிடித்திருந்தது.

புதன்கிழமை மழை. கெர்ரினும் வீப்கெயும் மாடிச் சமையலறையில், ரம் ஊற்றிய காபியில் க்ரீமை மிதக்கவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சிறுமிகள் தரையில் சீட்டாடினார்கள். இங்வெர் துண்டோடு வந்தவர், வீப்கெ சுவரிலிருந்த படத்தைப் பார்ப்பதைக் கண்டார். அவ்வளவு போதும் அவருக்கு. காலண்டர்களை எப்படிக் கோப்பது என்று ஒவ்வொரு அம்பாகத் தொட்டுக்காட்டி, கால் மணி நேரம் விளக்கினார். வீப்கெ குறுக்கிடாமல் கேட்டாள்.

"நான் ஆஸ்பத்திரியில நர்ஸுங்களுக்கு ஷிஃப்ட் போடுறேன்," என்றாள் கடைசியில். "நூத்திப் பன்னெண்டு பேர். நீங்க போட்ட மாதிரி நான் போட்டிருந்தா, வேலையை விட்டுப் போன நர்ஸுதான் எங்க ஆஸ்பத்திரியை நடத்திட்டிருப்பா."

கெர்ரின் காபியைத் துப்பாமல் விழுங்கச் சிரமப்பட்டாள்.

வீப்கெ படத்தைச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்து, அதன் பின்பக்கம் நடுவில் ஒரு வட்டம் போட்டாள். "தலைமைக் காலண்டர் ஒண்ணே ஒண்ணு. மூணு தளமும் அதுகிட்ட மட்டும் பேசணும். ஒண்ணுக்கொண்ணு பேசவே கூடாது. பேசினா வதந்திதான். அப்புறம், இதுங்க எட்டிப் பார்க்க மணிக்கணக்காகும். அதனால ஒரு தளத்துல மட்டும் உடனே புக் பண்ண விடுங்க. மத்த ரெண்டுலயும் கேட்டுட்டு வரட்டும். நீங்க பார்த்து, சரின்னு சொன்னாத்தான் புக்கிங்."

"நானும் அதைத்தான் செய்யலாம்னு இருந்தேன்," என்றார் இங்வெர்.

"தெரியும்," என்றாள் வீப்கெ. "மெயிலையும் படிங்க. பேருக்கு முன்னால இன்னொரு பேர் இருக்கும்."

டெட்லெஃப் போய் எழுதிய விமர்சனம் இணையத்தில் இப்போதும் இருக்கிறது. சுத்தம், நன்று. ஆடுகள், அருகில். வீட்டுக்காரர் அதிகாலை ஐந்தரைக்குத் தோட்டக் கொட்டகையிலிருந்து உள்ளாடையோடு வெளிவருகிறார், இதை விளம்பரத்தில் குறிப்பிட்டிருக்கலாம்.

நவம்பரில் தீவின் தீயணைப்பு நிலையத்தில் வீடு விடுகிறவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. காலண்டர்களைக் கோப்பது எப்படி என்று பேசியவர் வேறு யாராக இருக்கமுடியும்? இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். இங்வெர் திரையில் நடுவட்டத்தைக் காட்டினார். தளங்கள் ஒன்றோடொன்று பேசினால் வதந்திதான் என்றார். நன்றாகவே பேசினார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

"இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அனுபவம்," என்றார் இங்வெர்.

கடைசி வரிசையில் கெர்ரின் இருமினாள். பலமாக இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது காற்று முகத்தில் அறைந்தது. தேவாலயம் தாண்டியதும் இங்வெர் தானாகவே, "கொட்டகையில அந்த ஒரு வாரம் நீ ஒரு தடவைகூடக் கத்தலையே, ஏன்?" என்று கேட்டார்.

"உன்னைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. சிரிப்பாவும் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்தா கத்த வரல."

மறுநாள் காலை அவர் வீப்கெக்கு ஒரு கடிதம் எழுதினார். கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று மூன்று வரி. அதை எழுத ஒரு மணி நேரம் ஆனது. கெர்ரின் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, தபால்தலையை ஒட்டினாள்.