பிலிம் கழுவிய சித்தி

சித்தப்பாவுக்குச் சித்திமேல் ஆசை அதிகமா, கேமராமேல் அதிகமா என்று எங்கள் வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். அறுபதுகளின் கடைசியில், தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவரிடம் வாங்கியது அது. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் கேமரா. பேட்டரி கீட்டரி எதுவும் கிடையாது. பக்கத்திலிருக்கும் பிடியைச் சுற்றினால் உள்ளே பல்சக்கரங்கள் ஓடுவது காதில் கேட்கும். பிலிம் இல்லாத நாட்களில் அதைச் சுற்றி அமுக்கிப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. அந்த ஒரு ‘க்ளிக்’குக்காக வீட்டுப்பாடத்தைக்கூட முடித்துவிடுவேன். சித்தப்பா அதன்மேல் குனிந்து நிற்கும்போதெல்லாம் அத்தை, “சபையில ஜெபம் பண்றப்பகூட இவன் இப்படித் தலை குனிஞ்சு நான் பார்த்ததில்ல” என்பாள்.

அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள், பள்ளிக்கூட டீச்சர். சித்தியோ கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள். படிப்பு அவ்வளவாகக் கிடையாது. சித்தப்பா பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் எதில் சறுக்குவாள் என்று அத்தை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்த காலம் அது. சோறு குழைந்தால் ஒரு சொல், பேச்சில் ‘கீது’ வந்தால் ஒரு சொல். சித்தி வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

தம்பியின் ஞானஸ்நானத்துக்குச் சித்தப்பா ஒரு முழு ரோல் எடுத்தார். அத்தை பட்டுப்புடவையில் தம்பியை ஏந்திக்கொண்டு நின்றதும் அதில்தான். ரோலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, “பிலிமைக் கழுவணும், கழுவணும்” என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்டுடியோவில் கொடுத்து மருந்தில் கழுவுவதைத்தான் சொன்னார். சித்திக்கு அது தெரிய நியாயமில்லை.

ஒரு நாள் அத்தை பள்ளிக்கும், அம்மா தம்பியோடு ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தார்கள். காய்ச்சல் என்று நான் வீட்டிலிருந்தேன். சித்தி ரோலைப் பிரித்து, சவுக்காரம் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டாள். வெளிச்சம் பட்டாலே பிலிம் பாழ் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல காரியம் நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சித்தப்பா காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்தபோது ரவிக்கைக்கும் தலையணை உறைக்கும் நடுவே பிலிம் ஆடிக்கொண்டிருந்தது.

“கழுவணும், கழுவணும்னு சொல்லிக்கினு இருந்தீங்களே. நானே கழுவிட்டேன். சுத்தமா கீதா?”

சித்தப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிலிமைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். “ரொம்ப சுத்தமா இருக்கு. இனிமே இதெல்லாம் ஸ்டுடியோக்காரன் பார்த்துக்கட்டும். உனக்கு எதுக்குச் சிரமம்?” என்று சொல்லி, அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

திரும்பி வந்தபோது அத்தை வீட்டிலிருந்தாள். “ஷட்டர் மாட்டிக்கிச்சுக்கா. ஒரு படமும் விழல” என்றார்.

அத்தை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். கப்பலேறினவன் ஓட்டைப் பெட்டியை இவன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டானாம். கேமராவைப் பற்றி ஒரு சொல் பொறுக்காத சித்தப்பா, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். சித்திதான் காப்பி கொண்டுவந்து வைத்து, “போனாப் போவுது, வுடுங்க. மெஷின்தானே” என்று அவரைத் தேற்றினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கேமராவை எடுத்துச் சுற்றி அமுக்கினேன். கச்சிதமாக வேலை செய்தது. “நல்லாத்தான் இருக்கு!” என்று கத்தப் போன என் வாயைச் சித்தப்பா பொத்திவிட்டார்.

அன்றைய குடும்ப ஜெபத்தில் ஜெபிப்பது என் முறை. சித்தப்பாவை ஓரக்கண்ணால் முறைத்தபடியே, “ஆண்டவரே, இந்த வீட்டுல பொய் சொன்னவங்களை மன்னியும்” என்றேன். ஒரு பாவமும் அறியாத அவ்வளவு நல்ல கேமராவை அவர் எதற்காக மாட்டிவிட்டார் என்று எனக்குப் புரியவே இல்லை. சித்தி கண்களை இறுக மூடிக்கொண்டு, எல்லோரையும் முந்திக்கொண்டு உரக்க, “ஆமென்” என்றாள்.