ஒரு பெண்ணிடம்கூட

எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் பைபிள் வாசகம் படிப்பவர்களின் பட்டியலிலிருந்து என்னை நீக்கினார்கள். ஒரு கிழவர் சாகும் தறுவாயில் பேசியதை நான் உட்கார்ந்து கேட்டேன் என்பதுதான் காரணம். இதை எத்தனை மரியாதையாகச் சுற்றிச் சொன்னாலும் விஷயம் அவ்வளவுதான்.

நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மருத்துவமனையில் இருபது வருடங்களுக்கு மேல் தாதியாக வேலை பார்க்கிறவள். பெருந்தொற்றின் இரண்டாவது வருடம், கட்டில் போதாமல் நாற்காலியில் உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்த மாதங்கள். அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். மேரு பக்கம் வீடு. வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டியவர். இடது மணிக்கட்டில் செபமாலையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். ரத்த அழுத்தம் பார்க்க அதைக் கழற்றச் சொன்னபோது, "அந்தக் கைல பாருங்க மிஸ்ஸி" என்று வலது கையை நீட்டினார்.

நான்காம் நாள் மதியம் அவருக்கு மூச்சு மோசமானது. டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் தலையை மட்டும் அசைத்தார். பெரியவர் அதைக் கவனித்துவிட்டார்.

"பாதரைக் கூப்புடுங்க மிஸ்ஸி" என்றார்.

கூப்பிட்டேன். அவருக்கும் எனக்கும் ஒரே பங்கு, ஒரே தேவாலயம் என்பது அவருடைய முகவரியைப் பார்த்ததும் தெரிந்திருந்தது. ஆனால் வெளியாட்கள் யாரையும் வார்டுக்குள் விடாத காலம் அது. பங்குத்தந்தை போனில், "என்னை உள்ள விட மாட்டாங்களே. இங்கேருந்தே ஜெபிக்கிறேன்னு சொல்லுங்க" என்றார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரை விடாதவர்களில் நானும் ஒருத்தி.

பெரியவரிடம் வந்து சொன்னேன். அவர் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார்.

"அப்போ என் பாவத்தை நீங்க கேளுங்க."

"நான் பாதர் இல்லீங்க ஐயா."

"தெரியுது லா. கண்ணு எனக்கு நல்லாத்தான் இருக்கு. பாதர் வரல. நீங்க இருக்கீங்க."

பாதுகாப்பு உடைக்குள் வேர்வை முதுகில் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு இன்னும் ஒன்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவே திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். "மன்னிப்புக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல ஐயா. கேக்க மட்டும்தான் முடியும்" என்று தெளிவாகச் சொன்னேன். அவர் பேசினார். முகமூடியை விலக்கி இரண்டு வார்த்தை, மறுபடி மாட்டிக்கொண்டு நாலு மூச்சு. கால் மணி நேரம் ஆகியிருக்கும். முடிந்ததும், பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைச் சேர்ந்து சொல்லலாம் என்று நான் ஆரம்பித்தேன்.

"அது புதுசு. பழசைச் சொல்லுங்க" என்று கண்டித்தார்.

பழசு எனக்கு முழுதாகத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் பின்னால் சொன்னேன். மறுநாள் காலை இறந்துபோனார்.

அவருக்கு ஒரே மகள். பூச்சோங்கில் வேலை, மேருவில் அப்பாவோடு குடியிருந்தாள். மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்ததுதான் அவளுக்குக் கிடைத்த இறுதிச்சடங்கு. அன்று மாலை எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா கடைசியா என்னக்கா சொன்னாரு?"

"மனஸ்தாப மந்திரம் சொன்னாரும்மா. முழுசா, ஒரு வார்த்தை விடாம. பயப்படல."

"வேற?"

"வேற சொன்னதெல்லாம் கடவுள்கிட்ட சொன்னது. நான் பக்கத்துல இருந்தேன், அவ்வளவுதான்."

அந்தப் பெண் நன்றியில் ஒரு காரியம் செய்தாள். பங்கின் வாட்ஸ்அப் குழுவில், என் அப்பாவுக்குக் கடைசி நேரத்தில் நர்ஸ் அக்கா பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள், கடவுள் அவர்களை ஆசீர்வதிக்கட்டும் என்று எழுதிவிட்டாள். கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. பிறகு திடீரென்று குழுவே அமைதியானது.

ஊரடங்கு முடிந்து தேவாலயம் திறந்ததும் பங்குப் பேரவைத் தலைவர் என்னை மண்டபத்துக்குக் கூப்பிட்டார். ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். மூடிக்கிடந்த மாதங்களில் அவருடைய பேரவை இணையத்தில் கூடிக்கூடி எடுத்த முடிவு என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: திறந்த பிறகு எந்தெந்தப் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டுவது. அதை மிக நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள்.

"ஏம்மா, உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தா?" என்றார்.

"யாரும் கொடுக்கல அங்கிள். அவர் கேட்டாரு."

"யார் கேட்டாலும் செஞ்சிடுவீங்களா? இது அருட்சாதனம்மா, குரு மட்டும்தான் செய்யணும். இன்னிக்கு நீங்க பாவசங்கீர்த்தனம் கேப்பீங்க, நாளைக்கு இன்னொரு லேடி பூசை வைப்பாங்க."

நான் மன்னிப்பு வழங்கவில்லை, கேட்டேன், ஒரு செபம் சொன்னேன், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் காதில் அது ஏறவில்லை. தவறுதலாக நடந்துவிட்டது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுத மாட்டேன் என்றேன். "அப்போ கொஞ்ச நாளைக்கு நீங்க வாசகம் படிக்க வேணாம்" என்றார். அந்த வாரப் பட்டியலில் என் பெயர் இருந்த இடத்தில் அவருடைய தங்கையின் பெயர் இருந்தது.

இதோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவர் பெரியவரின் மகளிடமும் பேசியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து அவள் மருத்துவமனை வாகன நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, அப்பா சொன்னது செல்லாதாம்."

"யார் சொன்னா?"

"தலைவர் அங்கிள். பாதர்கிட்ட கேட்டேன். அது சிக்கலான விஷயம், நல்லா ஜெபம் பண்ணும்மான்னாரு."

என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. தாயில்லாத பெண், அப்பாவின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்காதவள். அவளிடம் போய்ச் சொல்ல இவர்களுக்குக் கிடைத்த ஒரே செய்தி இது.

அந்தக் கோபத்தில்தான் அந்த வகுப்புக்குப் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், சனிக்கிழமை காலைகளில், திருச்சபை வரலாறு என்று பத்து வார வகுப்பு. யார் வேண்டுமானாலும் வரலாம். நடத்தியவர் மெதடிஸ்ட் அம்மா ஒருவர், கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். யார் எப்போது உட்கார்ந்து எது செல்லும், எது செல்லாது என்று முடிவுசெய்தார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். பக்திக்காகப் போகவில்லை.

ஆறாம் வாரம் பதினான்காம் நூற்றாண்டு. இங்கிலாந்தும் பிரான்சும் நூறு வருடங்களுக்கு மேல் விட்டுவிட்டுச் சண்டை போட்டதை அந்த அம்மா சொன்னார். அதன் நடுவில் கொள்ளைநோய் கப்பலேறி வந்தது. ஊர் ஊராகச் செத்தார்கள், புதைக்க ஆளில்லாமல் குழிகளில் அடுக்கினார்கள். அப்போது பாப்பரசர் ரோமில்கூட இல்லை, பிரான்சின் தெற்கே ஒரு நகரத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு இருந்தார். நோய் அண்டாமல் இருக்க இரண்டு பக்கமும் பெரிய நெருப்பை எரியவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு சில பத்தாண்டுகளில் ஒரு பாப்பரசர் இரண்டானார்கள், இரண்டு மூன்றானார்கள். ஒருவர் மற்றவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சபைக்கு வெளியே தள்ளினார். வயலில் வேலை செய்த ஒரு சாதாரண மனுஷி யார் பக்கம் நின்றாலும் இன்னொருவர் பார்வையில் அவளுக்கு நரகம்தான்.

நோய் வந்த ஊரில் ஜனங்கள் என்ன செய்தார்கள், சாகிறவர்களை யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். குருக்களில் பலர் நோயாளிகளோடு இருந்து செத்தார்கள், சிலர் ஓடினார்கள் என்றார். பிறகு, "நீங்க நர்ஸ்தானே? இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு தாளை எடுத்தார்.

அது ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், கடிதம். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் இருந்த ஆயர், கொள்ளைநோய் உச்சத்தில் இருந்த குளிர்காலத்தில், தன் மறைமாவட்டம் முழுவதற்கும் எழுதியது. குருக்கள் போதவில்லை, நோயாளிகளிடம் போகப் பலர் பயப்படுகிறார்கள் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அதனால், சாகப்போகிறவர்களுக்குக் குரு கிடைக்காவிட்டால் ஒருவருக்கொருவர் பாவத்தை அறிக்கையிடட்டும் என்கிறார். குரு அல்லாத பொதுநிலையினரிடம் சொல்லலாம். ஆண் யாரும் இல்லாவிட்டால் ஒரு பெண்ணிடம்கூடச் சொல்லலாம். அது அவர்கள் ஆன்மாவுக்குப் பயன்தரும் என்பதில் சந்தேகம் வேண்டாம். கேட்டவர் அதை வெளியே சொல்லக்கூடாது. நோயாளி பிழைத்துவிட்டால் மறுபடி குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்தது. உடனே கோபமும் வந்தது. அறுநூற்று எழுபது வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆயர் மையில் எழுதிவைத்ததை, சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டுகிறவர்கள் எனக்குக் குற்றமாகச் சொல்கிறார்கள்! அதோடு அந்த 'கூட' வேறு. பெண்ணிடம்கூட! எல்லாக் கதவும் அடைத்தபின் கடைசியாக நினைவுக்கு வருகிறவள்.

"அந்த ஆயர் எங்க இருந்தாரு அப்போ?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கிராமத்துல தன்னோட மாளிகையில. நோய் ஓயற வரைக்கும் பெரிய ஊர்ப் பக்கம் வரல."

ஆக அவரும் வெளியே வராதவர்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தன்னால் போக முடியாத இடத்தில் போய் நின்றவர்களை அவர் தண்டிக்கவில்லை. எங்களுக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தாளை வாங்கி, ஒரு வாரம் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். முதலில் தலைவரிடம் போகவில்லை, மேருவுக்குப் போனேன். மகள் மைலோ கலக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள்.

"அப்போ அப்பா சொன்னது செல்லுமாக்கா?"

"நான் அந்தத் தீர்ப்புச் சொல்ற ஆள் இல்லம்மா. ஆனா செல்லாதுன்னு உன்கிட்ட சொன்னவங்களும் அந்த ஆள் இல்ல."

அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். முன்பு எஸ்டேட் வீட்டில் இருந்தபோது பழைய மந்திரத்தை அப்பா தினமும் சத்தமாகச் சொல்வார், சின்ன வயதில் தனக்கு வெட்கமாக இருக்கும் என்று சொன்னாள். இறந்த பிறகு அவரைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டே பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு தலைவரிடம் கொடுத்தேன். முதல் பத்தியோடு நிறுத்திவிட்டார். "இது இங்கிலாந்தும்மா. அந்தக் காலம் வேற" என்றார்.

"கொள்ளைநோய்க் காலம் அங்கிள். நமக்கும் அதான் வந்துச்சு."

"இதெல்லாம் ஜனங்களுக்குத் தெரிஞ்சா குழப்பம்தான் வரும்."

"அந்தப் பொண்ணுக்குக் குழப்பத்தை உண்டாக்கினது நீங்க" என்றேன். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். காப்பிக் குவளையோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

பங்குத்தந்தையை அறையில் போய்ப் பார்த்தேன். அவர் நிதானமாக முழுவதையும் படித்தார். குரு இல்லாத இடத்தில் உண்மையான மனஸ்தாபத்தைக் கடவுள் ஏற்கிறார், அதைத் திருச்சபை இன்றும் போதிக்கிறது, எனக்குத் தெரிந்த விஷயம்தான் என்றார்.

"தெரியும்னா ஏன் பாதர் அவகிட்ட சொல்லல?"

அவர் மேசையைப் பார்த்தார். "பேரவையோட மோத வேணாம்னு நெனச்சேன்."

"நீங்க அவ வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். போன்ல இல்ல. வீட்டுக்குப் போய்."

ஒரு குருவிடம் அந்தத் தொனியில் நான் பேசியதே இல்லை. இரண்டு வாரம் கழித்து அவர் மேருவுக்குப் போனார். அப்பாவின் படத்துக்கு முன்னால் செபித்துவிட்டு, "உங்கப்பா நல்லபடியாப் போயிருக்காரும்மா" என்று சொன்னதாக மகள் போன் செய்தாள். மன்னிப்பும் கேட்டாராம். அவள் மன்னித்துவிட்டாள். அது அவளுடைய நல்ல மனசு.

எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. அடுத்த மாதப் பட்டியலில் என் பெயர் மறுபடி இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏதோ தட்டச்சுப் பிழையைத் திருத்திய மாதிரி. தலைவருக்குப் போன் செய்து, நீக்கியது தவறு என்று அதே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் படிக்கிறேன், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"ஏம்மா இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

மறுவாரம் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் இப்போதும் பூசைக்குப் போகிறேன், நடு வரிசையில் உட்காருகிறேன். மேருப் பெண் சில ஞாயிறுகளில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வாசகம் படிக்கிறவர்கள் தப்பும் தவறுமாகப் படிக்கும்போது என் முழங்கையை மெல்ல இடிப்பாள்.