மாமாவுக்கு ஒரு வரி

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில் ஒரு மாத நாவல் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒரு மாதம் அட்டைப் படம் அச்சாகிவிட்டது, நாவல் வரவில்லை. எழுத வேண்டியவர் டைபாய்டில் படுத்துவிட்டார். கையில் இருந்தது ஒரு புதியவரின் நாவல்தான். தண்டையார்பேட்டையில் தையல் வேலை செய்துகொண்டிருந்த ஷம்சாத் அனுப்பியது. கணவனை இழந்த நூர் என்ற பெண், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போக மாமனாரிடம் அனுமதி கேட்கும் கதை.

ஆசிரியர் நாயகம் சார் அதை என் மேசையில் போட்டார்.

"இன்னாம்மா இது? நாலு பக்கமா அந்தப் பொண்ணு கதவாண்ட நின்னு யோசிச்சிகினே கீது. ஒருத்தரும் வாயத் தொறக்கல. பஸ்ல படிக்கிறவன் தூங்கிடுவான்."

"கதை நல்லா இருக்கு சார். சரி பண்ணிடலாம்."

"நாளைக்கி ஃபாரம் அச்சு மெஷின்ல ஏறணும். இல்லேன்னா பழைய நாவல எடுத்துப் போட்டுடுவேன்."

எனக்கு அப்போது தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நினைப்பு நீளமாக இருந்தால் நடுவில் வருணனையைச் செருகுவேன். துறைமுகத்துக் கிரேன், கப்பல் சங்கு, நிலக்கரித் தூசி என்று இரண்டு பத்தி சேர்த்து, கம்ப்யூட்டரில் டி.டி.பி. முடித்து, ஷம்சாத்தை வரச் சொன்னேன். அவர் புரூஃபைப் படித்துவிட்டுத் தயங்கினார்.

"மேடம், இவ கதவாண்ட நிக்கறா. அங்கேர்ந்து கப்பல் எங்க தெரியும்? எதுர்வூட்டு செவுருதான் தெரியும்."

"சரி. உள்ளே பார்த்தா என்ன தெரியும்?"

"மாமாவோட கை. சாப்ட்டுகினு கீறாரு. மீன்ல முள்ளு எடுத்துகினு."

"இவ கேட்டதும்?"

"கை நின்னுச்சு. அப்பால மறுபடியும் முள்ளு எடுத்தாரு. 'ஷிப்டு எப்ப வுடுவான்?'னாரு. 'நா வந்து கூட்டியாறேன்'னாரு. அவ்ளோதான் மேடம்."

ஷம்சாத்தின் விரல்களும் முள் எடுப்பதுபோல் அசைந்ததும்தான் அது கற்பனை இல்லை, அவர் வீட்டில் நடந்தது என்று புரிந்தது.

"இதை ஏன் எழுதல?"

"எழுதினா அவருன்னு தெரிஞ்சிடுமே. வூட்ல பேஜாராயிடும்."

நான் வற்புறுத்தவில்லை. பழைய நாவலையே போடச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ஆபீஸ் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னேன். டீ வருவதற்குள் அவர் பேனாவைக் கேட்டு வாங்கி எழுத ஆரம்பித்திருந்தார்.

நாலு பக்கம் ஒரு பக்கமானது. மீன், கை, இரண்டு வரிப் பேச்சு. நினைப்பு முழுவதையும் அடித்துவிட்டிருந்தார். படித்துப் பார்த்தேன். கண் எதிரே நடப்பதுபோல் இருந்தது. ஆனால் அந்தக் கை நின்றபோது எனக்குப் பயம் வரவில்லை.

"அவ மனசுல ஓடினது ஒண்ணே ஒண்ணு வேணும். கை நிக்கிற இடத்துல" என்றேன்.

அடித்த பக்கங்களைப் புரட்டி ஒரே வரியை எடுத்தார். 'வேண்டாம் என்று சொல்லிவிட்டால்கூட இவரை என்னால் வெறுக்க முடியாதே.'

நாயகம் சார் நின்றபடியே படித்தார். "இப்பத்தான் இவளுக்கு மூச்சு வருது. ஏத்து மெஷின்ல."

புத்தகம் கடைக்குப் போன அடுத்த வாரம், சைக்கிளில் ஒரு பெரியவர் வந்தார். "நா ஷம்சாத்து மாமனாரு." சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"பத்து புக்கு வோணும்மா. சம்பந்தி வூட்டுக்கு, தோஸ்துங்களுக்கு."

கட்டிக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அன்னிக்கி நா இன்னொரு வார்த்தயும் பேசினேன். 'மொதல்ல நீ குந்து, சாப்டு'ன்னேன். அந்தப் பொண்ணு அத வுட்டுட்சு."

இன்று எழுத வருகிற பலர் என்னிடம் கேட்பது, வருணனை எவ்வளவு, பேச்சு எவ்வளவு, நினைப்பு எவ்வளவு என்றுதான். எனக்கு அளவு தெரியாது. அந்த இடத்தில் நிற்பவருக்கு எது கண்ணில் படுகிறது, எது காதில் விழுகிறது, எதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்று கேட்டுப் பார்ப்பேன். விடை கிடைத்துவிட்டால் மீதியைத் தயங்காமல் அடிக்கலாம்.

பின்னால் அந்த நாவல் கெட்டி அட்டையில் வந்தபோது மாமாவின் வரியைச் சேர்த்தோம். இப்படிச் சொன்னவர்மேல் பயம் எதற்கு, நூரின் அந்த ஒரு வரி நினைப்பை எடுத்துவிடவா என்று கேட்டார் ஷம்சாத். வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்றேன்.