மாமரத்தில் தொங்கிய கேபிள்

எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. எங்கள் தீவில் நடந்த முதல் ராணுவக் கலகத்தின்போது கனடாவுக்குப் போன பெரியப்பா விட்டுவிட்டுப் போனது. பச்சை எழுத்தைத் தவிர வேறொன்றும் காட்டத் தெரியாத கிழவி. அவளுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சவேனி ஊரில் எங்களுக்கு அடுத்த வீடு. தன் புதிய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிளை ஜன்னல் வழியே இழுத்து, மாமரக் கிளையில் தொங்கவிட்டு, கிழவியின் முதுகில் செருகினார். அங்கிருந்து அவர் அனுப்பினால் இங்கே எனக்கு விளையாட்டு வரும். சும்மா வராது.

"மொதல்ல கிழவி வாயத் தொறக்கணும். அப்பறந்தான் நான் ஊட்டுவேன்" என்பார்.

நான் பொத்தானைத் தட்டிவிட்டுக் காத்திருப்பேன். எழுத்துகள் எறும்பு மாதிரி ஒவ்வொன்றாக நடந்து வரும்.

ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. வாய் சும்மா இருக்காத மாமா ரேடியோவில் அதைத் திட்டித் தீர்த்தார். இரண்டே நாளில் அவர் வீட்டுக்குப் பூட்டு. தம்பி ஆஸ்திரேலியா போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொன்னாள் அம்மா. எனக்கும் அதையே சொன்னாள்.

ஒரு மத்தியானம் பொழுது போகாமல் கிழவியை வாய் திறக்க வைத்தேன். ஆளில்லாத வீட்டிலிருந்து எழுத்து நடந்து வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். தண்ணி. கொஞ்சம் பொறுத்து மறுபடி, தண்ணி. வெளியே காற்றே இல்லை. கேபிள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கத்திவிட்டேன்.

ஓடிவந்த அம்மாவுக்கு என்னைவிட அதிகமாக வேர்த்தது. "ஆளு போன வீட்ல பேய் வந்து குந்திக்கும் பாப்பா. படையல் போட்டா அடங்கிரும். வெளிய மூச்சு விடாத" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுப் பின்வாசலில் தினமும் சோறு, மீன்குழம்பு, அவித்த டாலோக் கிழங்கு, ஒரு செம்புத் தண்ணீர். போய்ப் பார்த்தால் தட்டு வழித்துத் துடைத்தபடி கிடக்கும். டாலோக் கிழங்கை மட்டும் பேய் ஒதுக்கி வைத்திருக்கும். மாமாவுக்கும் அது ஆகாது.

பிறகு ஜீப் வந்தது. ஒரு சிப்பாய் அதிலேயே இருக்க, இன்னொருவன் உள்ளே வந்து மாமாவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்தான். ஆஸ்திரேலியா என்றாள் அம்மா. அடுத்த வீட்டில் யார் என்றான். யாருமில்லை என்றாள். அம்மா பொய் சொல்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"பேய் இருக்கு. இதுல எழுதும்" என்றேன்.

அன்றும் கிழவி வாய் திறந்துதான் இருந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் எழுத்து நடந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்லுது?" என்றான் சிப்பாய்.

பெருமையாக இந்தியில் படித்துக் காட்டினேன். "அக்கா, அவங்க போயிட்டாங்களான்னு கேக்குது."

சிப்பாயின் கண் கேபிளோடு மெல்லப் போனது. ஜன்னல், மாமரம், பூட்டிய வீடு. அங்கேயே நின்றது. ஜீப்பில் ஹார்ன் அடித்தார்கள். அவன் குனிந்து கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி, அம்மாவின் கையில் வைத்தான்.

"தெவோரோதான்" என்றான். பேய்க்குத் தீவின் பூர்வகுடிகளான அவர்கள் பாஷையில் அதுதான் பேர். "நாளைக்குள்ள கெளம்பச் சொல்லு."

வாசலில் நின்று, யாருமில்லை என்று ஜீப்பைப் பார்த்துக் கையை விரித்தான்.

இரண்டு நாள் கழித்து அம்மா தட்டு வைப்பதை நிறுத்தினாள். பேய்க்குப் பசிக்குமே என்று அழுதேன். "அது நெஜமாவே ஆஸ்திரேலியா போயிருச்சு பாப்பா" என்றாள்.

சொல்லிவிட்டு, ஜீப் போன கரும்புப் பாதையைப் பார்த்துக் கைகூப்பி வெகுநேரம் நின்றாள். பேயோட்டினவனைக் கும்பிடுவது வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன்.