தொட்டில் சீலை

போன வாரம் ஒருத்தி என்னை முறைத்தாள்.

நான் யார் வம்புக்கும் போகாதவள். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டே அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நடந்து வருகிறவள். என்னைப் போய் ஏன் முறைக்க வேண்டும்? அவள் பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டது... அதுதான் குற்றம்.

அவள் பெயர் சுமதி. எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். தலைப்பிள்ளை, பெண்.

பிள்ளையோடு அவள் வீடு வந்த நாளில் லயமே திரண்டு போய்ப் பார்த்தது. ஆளாளுக்குக் கொஞ்சினார்கள். பெற்றவள் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதற்குப் பிறகும் அப்படித்தான். பசித்தால் பால் கொடுப்பாள். நனைந்தால் துணி மாற்றுவாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு முத்தம்? ஒரு செல்லப் பேர்? கிடையாது.

லயத்து வாய் சும்மா இருக்குமா? பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எதிர்க் காம்பரா ராஜம்மா, சுமதியின் காதில் விழும்படியே சொன்னாள்.

"பெத்தவளா இவ? நாய்கூட குட்டிய நக்கிக் குடுக்குது!"

சுமதி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, எல்லாரும் புள்ளயப் பாத்தா உருகுறாங்க. எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது. யாரு வீட்டுப் புள்ளயோ கையில வச்சிருக்க மாதிரி இருக்கு. நான் கெட்டவளா பெரியம்மா?"

நான் என்ன சொல்வேன்? அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிள்ளை பெற்றவளும் இல்லை – அது லயத்துக்கே தெரியும். "தேத்தண்ணி குடி" என்றேன்.

லயத்துக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சில தாய்மாருக்கு இப்படி வரும் அம்மா. திட்டாதீங்க, தனியா விடாதீங்க, கிளினிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். மாத்தளைக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் நிதானமாகப் பேசினார். மருந்தும் கொடுத்தார். சுமதிக்குத் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. பிள்ளை மேல் ஆசை மட்டும்... இன்னும் வந்து சேரவில்லை.

பிரசவ லீவு முடிந்து அவள் கொழுந்து பறிக்கப் போனாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா தூரம். அதனால் பகலெல்லாம் பிள்ளை என்னிடம்.

எங்கள் பக்கம் தொட்டிலைத் தாயின் சீலையில்தான் கட்டுவோம். உடுத்திப் பழகின சீலையாக இருக்க வேண்டும். தாய் கொழுந்து மலையில் நின்றாலும் அவள் வாசம் பிள்ளையைச் சுற்றி இருக்கும் அல்லவா? சுமதியிடம் ஒன்று கேட்டேன்.

"எந்தச் சீலையா இருந்தா என்னா பெரியம்மா? உங்களுது ஒண்ணக் கட்டுங்க."

கட்டினேன். நீலப் பூப் போட்ட என் பழைய வொயில் சீலை.

அடுத்தவர் வீட்டு விட்டத்தில் தொட்டில் ஆடுவதைப் பார்த்து எத்தனையோ தடவை வயிறு எரிந்திருக்கிறேன். இப்போது என் விட்டத்தில் என் சீலை! பிள்ளை என் வாசத்தில் தூங்கியது. என் குரல் கேட்டால் தலையைத் திருப்பியது. மத்தியானம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சுமதி பால் கொடுக்க வருவாள். பால் குடித்துக்கொண்டே அந்தக் கண் என்னைத் தேடும். "பாவம் சுமதி" என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உள்ளே? பாவமாவது ஒன்றாவது!

போன வாரமும் அப்படித்தான் வந்தாள். வாசலில் நின்று கையை நீட்டினாள். என் இடுப்பிலிருந்த பிள்ளை அவளைப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பி வாய் நிறையச் சிரித்தது.

அப்போதுதான் அந்த முறைப்பு.

"என்னா பெரியம்மா, வசியம் கிசியம் வச்சிருக்கீங்களா?"

"பச்சப் புள்ள. அதுக்கு என்னா தெரியும் சுமதி?"

"ஒண்ணும் தெரியாமத்தான் உங்களப் பாத்து மட்டும் சிரிக்குதா? பெத்தது நானு!"

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். பிள்ளையை வாங்கி... இல்லை, பிடுங்கி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிள்ளையின் கண்ணில் நான் படக் கூடாதாம்!

மறுநாள் விடியவே வந்துவிட்டாள். கையில் அவள் மலைக்கு உடுத்தும் சீலை. தேயிலைக் கறையும் அடுப்புப் புகையுமாக ஒரு வாடை. ஸ்டூலில் ஏறி என் சீலையை அவிழ்த்தாள். தன்னுடையதைக் கட்டி, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். என் சீலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பிள்ளை தூங்கவில்லை. வீரிட்டு அழுதது. "உன் சீலை இன்னொண்ணக் கட்டித் தொலையேன்" என்றாள் ராஜம்மா. பெட்டியைத் திறந்து எடுத்தும்விட்டேன். கட்டினால் இரண்டே நிமிடத்தில் தூங்கிவிடும். பிள்ளை எனக்குத்தான்... இல்லை, வேண்டாம். மடித்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினேன். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை நடந்தேன்.

சில நாள் போனது. இப்போது அந்தக் கறைச் சீலைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டுதான் தூங்குகிறது.

ஆசை இருந்தால்தான் பொறாமை வரும் என்று நினைத்திருந்தேன். சில வீடுகளில் பொறாமைதான் முதலில் வந்து கதவைத் தட்டும் போலிருக்கிறது. ஆசை பின்னால் மூச்சு வாங்க ஏறி வருகிறது. கொஞ்சத் தெரியாதவளுக்கு விட்டுக்கொடுக்கவும் தெரியவில்லையே – அதற்கு என்ன பேர்? ராஜம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

சுமதி இன்னும் பெரிதாகக் கொஞ்சுவதில்லை. நேற்று மட்டும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து "அடி கள்ளி" என்றாள். அது செல்லப் பேர் இல்லாமல் வேறென்ன?

என் நீலப் பூச் சீலையையும் திருப்பித் தந்தாள். அவள் தலை மறைந்ததும், பிள்ளை வாசம் கொஞ்சமாவது மிச்சமிருக்கும் என்று முகத்தில் வைத்துப் பார்த்தேன்.

சவர்க்கார வாசம். அலசி அலசித் துவைத்துத் தந்திருக்கிறாள், பாவி!